குளோரேட் செல்: ஆக்சிஜன் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

கேட்டது இதுதான்: சோடியம் குளோரேட் ஆலையில் மின்சாரச் செலவையும் குறைக்க வேண்டும், பாதுகாப்பையும் கூட்ட வேண்டும். நிர்வாகம் இரண்டில் ஒன்றுக்குத்தான் இந்த ஆண்டு பணம் தரும் என்கிறது. எதை முதலில் எடுப்பது?

இந்தத் தொழிலில் அவை இரண்டு வேலைகள் அல்ல. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரேட் தயாரிக்கும் கலமான செல்லிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜனில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்று பாருங்கள். எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதையும், வெடிக்கும் எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதையும் அந்த ஓர் எண்ணே சொல்லிவிடும். பணத்தை அந்த எண்ணைக் குறைக்கச் செலவழித்தால் இரண்டு பக்கமும் பலன் வரும். ஆனால் அந்த எண் காட்டாமல் மறைக்கும் விஷயங்களும் உண்டு. அவைதான் ஆட்களைக் கொல்பவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் குளோரேட் என்றதும் தீக்குச்சித் தலையிலுள்ள மருந்துதான் நினைவுக்கு வரும். அது பொட்டாசியம் குளோரேட். உலகில் பெரிய அளவில் தயாராவது சோடியம் உப்பு. அதில் மிகப் பெரும்பகுதி, காகிதக் கூழை வெளுக்கப் பயன்படும் குளோரின் டைஆக்சைடாக மாற்றப்படுகிறது. அதனால்தான் பெரிய ஆலைகள் கூழ் ஆலைகளும் மலிவான மின்சாரமும் சேர்ந்திருக்கும் சுவீடன், ஃபின்லாந்து, கனடா, பிரேசில், உருகுவே போன்ற இடங்களில் நிற்கின்றன. உற்பத்திச் செலவில் ஆகப் பெரிய பங்கு மின்சாரத்துக்கே போகிறது.

செல்லுக்குள் நடப்பது என்ன? உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்கிறது. ஆனோடில், அதாவது நேர்மின்முனையில், குளோரைடு குளோரினாகிறது, எதிர்மின்முனையான கேதோடில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் காரமும் வருகின்றன. காஸ்டிக் சோடா ஆலையில் இந்த இரு பக்கங்களையும் சவ்வு வைத்துப் பிரிப்பார்கள். இங்கே பிரிப்பதில்லை, வேண்டுமென்றே கலக்க விடுகிறோம். குளோரின் தண்ணீரில் கரைந்து ஹைபோகுளோரஸ் அமிலமாகிறது, அதில் ஒரு பகுதி ஹைபோகுளோரைட்டாகிறது. பிறகு இரண்டு பங்கு அமிலமும் ஒரு பங்கு ஹைபோகுளோரைட்டும் சேர்ந்து குளோரேட் உருவாகிறது. இந்தக் கடைசிப் படிக்கு மின்சாரமே தேவையில்லை. அது மெதுவாக நடக்கும் சாதாரண வேதிவினை. அதற்கு வேண்டியது நேரமும் சூடும் சரியான பிஎச்சும் (அமில-காரத் தன்மையின் அளவு) மட்டுமே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு டன் சோடியம் குளோரேட்டுக்குக் கோட்பாட்டளவில் சுமார் 1,511 கிலோ ஆம்பியர் மணி மின்னோட்டம் வேண்டும். செல் மின்னழுத்தம் 3.0 வோல்ட், மின்னோட்டத் திறன் (பாயும் மின்னோட்டத்தில் குளோரேட்டாகும் பங்கு) 95 சதவீதம் என்றால், டன்னுக்கு சுமார் 4,770 யூனிட் நேர்மின்சாரம் ஆகும். மின்னழுத்தத்தில் 0.1 வோல்ட் குறைந்தால் டன்னுக்கு 159 யூனிட் மிச்சம். திறன் ஒரு சதவீதம் கூடினால் 50 யூனிட் மிச்சம். ஆண்டுக்கு 50,000 டன் தயாரிக்கும் ஆலையில் அந்த 0.1 வோல்ட் மட்டும் ஏறக்குறைய 80 லட்சம் யூனிட். இதைப் பார்த்ததும் எல்லோரும் மின்னழுத்தத்தின் பின்னால் ஓடுவார்கள். ஓடலாம், ஆனால் முதலில் அல்ல.

முதலில் ஆக்சிஜன். செல் வாயுவில் ஆக்சிஜன் எவ்வளவு என்று தெரிந்தால் மின்னோட்டத் திறனைத் தாளிலேயே போட்டுவிடலாம். ஆக்சிஜன் சதவீதத்தை மூன்றால் பெருக்கி 100-இலிருந்து கழியுங்கள். கிடைப்பதை, 100-இலிருந்து ஆக்சிஜன் சதவீதத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுங்கள். ஆக்சிஜன் 2.5 என்றால் திறன் 94.9 சதவீதம். 3.5 ஆனால் 92.7. அதாவது ஆக்சிஜன் ஒரு புள்ளி ஏறினால் திறன் இரண்டு புள்ளிக்கு மேல் இறங்குகிறது. வாயுவோடு தப்பும் குளோரினுக்கும் சிறிய திருத்தம் உண்டு, அதற்கு மூன்றுக்குப் பதில் இரண்டு மடங்கு.

இப்போது அதே எண்ணைப் பாதுகாப்புக் கண்ணால் பாருங்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மட்டும் கலந்த வாயுவில், ஆக்சிஜன் 5 அல்லது 6 சதவீதத்தைத் தொட்டாலே தீப்பிடிக்கும் எல்லைக்கு வந்துவிடுவீர்கள். சூடு கூடக் கூட அந்த எல்லை இன்னும் நெருங்கி வரும். தீப்பற்ற வேண்டிய பொறியின் ஆற்றலோ காற்றில் கலந்த ஹைட்ரஜனுக்கே சுமார் 0.02 மில்லிஜூல்தான். உடையில் சேரும் நிலைமின்சாரமே அதற்குத் தாராளமாகப் போதும். நல்ல நாளில் 2 முதல் 2.5-இல் ஓடும் செல்லுக்கும் வெடிக்கும் கலவைக்கும் இடையே இருப்பது அவ்வளவுதான். நான் சொல்லும் ஏற்பாடு: 3-இல் எச்சரிக்கை மணி, 4-க்குப் போவதற்குள் மனிதர் தலையிடாமலே ரெக்டிஃபையர் (செல்லுக்கு நேர்மின்சாரம் தரும் கருவி) நின்று நைட்ரஜன் உள்ளே பாய வேண்டும். ஆலை முழுவதுக்கும் பொதுவான குழாயில் ஒரே ஒரு அளவுமானி வைத்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். இருபது செல்கள் நன்றாக ஓடி ஒன்று மட்டும் 8 சதவீதம் ஆக்சிஜன் விட்டாலும், பொதுக் குழாயில் அது கால் புள்ளி ஏற்றமாகத்தான் தெரியும். ஒவ்வொரு செல்லிலிருந்தோ சிறு தொகுதியிலிருந்தோ முறைவைத்து மாதிரி எடுக்க வேண்டும்.

ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது? முதல் காரணம் பிஎச். 6-க்கும் 6.5-க்கும் இடையில்தான் மேலே சொன்ன இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் அமைகிறது. பிஎச் ஏறினால் ஹைபோகுளோரைட் தானாக வினைபுரியக் காத்திராமல் ஆனோடிலேயே போய் ஆக்சிஜனேற்றம் அடையும். அந்த வழியிலும் குளோரேட் வரும், ஆனால் மின்னோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜனாகப் போய்விடும். ஃபோர்ஸ்டர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெளிவாக்கிய விஷயம் இது. பிஎச் இறங்கினால் குளோரின் வாயுவோடு தப்பும். அதற்காக, பிஎச்சைச் சரிசெய்யச் சேர்க்கும் அமிலத்தின் அளவை அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். சூடான, குமிழி நிறைந்த கரைசலில் நிற்கும் பிஎச் மின்முனை சீக்கிரம் தடுமாறிவிடும். அதே மாதிரியை ஆய்வுக்கூடத்தில் ஆறவைத்து அளந்தால் வேறு எண் வரும். இரண்டையும் ஒரே வெப்பநிலைக் கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஷிஃப்டுக்கு ஒருவர் அமில வால்வைத் திருகும் ஆலையில் ஆக்சிஜன் ஒருநாளும் அடங்காது. அமிலம் ஓரிடத்தில் குவிந்து விழுந்தால் குளோரினும், செறிவு கூடிய இடத்தில் வெடிக்கக்கூடிய குளோரின் டைஆக்சைடும் கிளம்பும் என்பதையும் மறக்கக் கூடாது. அமிலம் எப்போதும் நன்றாகக் கலக்கும் இடத்தில், ஓட்டம் நின்றால் தானும் நிற்கும்படி இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை: தொட்டியின் அளவு. கடைசிப் படி மெதுவானது என்றேன் அல்லவா? அது மின்முனைகளுக்கு நடுவில் நடந்து முடியாது, வெளியே உள்ள வினைத்தொட்டியில்தான் பெரும்பாலும் முடிகிறது. விற்பனை நன்றாக இருக்கிறது என்று மின்னோட்டத்தை 20 சதவீதம் ஏற்றுவார்கள். தொட்டி பழைய அளவிலேயே இருக்கும். ஹைபோகுளோரைட் வினைபுரிய நேரமில்லாமல் திரும்பவும் செல்லுக்குள் வரும், ஆனோடில் ஆக்சிஜனாகும். செலவு ஏறிவிட்டதே என்று ஆனோடைக் குறை சொல்வார்கள். புது ஆனோடு வாங்குவதைவிட இன்னொரு தொட்டி சேர்ப்பது எவ்வளவோ மலிவு.

மூன்றாவது, உலோகங்கள். நிக்கல், கோபால்ட், செம்பு ஆகியவை மிகச் சிறிய அளவிலேயே ஹைபோகுளோரைட்டை உடைத்து ஆக்சிஜனை விடுவிக்கும். இது செல்லில் மட்டுமல்ல, தொட்டியிலும் குழாயிலும்கூட நடக்கும். ஆக்சிஜன் திடீரென்று ஏறினால், கடந்த சில வாரங்களில் பராமரிப்புக்காரர்கள் எந்த பம்பை, எந்த வால்வை, எந்த பித்தளை இணைப்பை மாற்றினார்கள் என்று முதலில் கேளுங்கள். இது மூடிய சுற்று. உள்ளே வந்த அசுத்தம் வெளியேற, விற்பனைக்குப் போகும் குளோரேட் படிகத்தைத் தவிர வேறு வழி கிட்டத்தட்ட இல்லை, அதனால் சேர்ந்துகொண்டே போகும்.

உப்பு குறைந்தாலும் ஆக்சிஜன் ஏறும். குளோரைடு போதாத இடத்தில் ஆனோடு தண்ணீரை உடைக்கத் தொடங்கிவிடும், அதன் பூச்சும் வேகமாகத் தேயும். இந்த ஆனோடைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் கிராஃபைட் கட்டைகள்தான். அவை கரைந்து தேய்ந்துகொண்டே இருக்கும், தேய்மானத்துக்குப் பயந்து செல்லைக் குளிர்ச்சியாகவே ஓட்ட வேண்டும். 1960-களின் நடுவில் ஹென்றி பீர் என்பவர் டைட்டானியத்தின் மேல் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய ஆனோடுக்குக் காப்புரிமை எடுத்தார். அதன்பிறகுதான் 70, 80 டிகிரியில் நிம்மதியாக ஓட்ட முடிந்தது. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமும், அதாவது நம்மவர்கள் சொல்லும் சிக்ரியும், டைட்டானிய ஆனோடுகளில் நெடுங்காலம் வேலை செய்திருக்கிறது. பூச்சு தேயும்போது மின்னழுத்தம் மெல்ல ஏறும், கூடவே ஆக்சிஜனும் ஏறும். இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து ஏறினால் அந்த ஆனோடின் ஆயுள் முடிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி அந்த எண் மறைக்கும் விஷயங்கள். மேலே சொன்ன வாய்ப்பாடு ஒன்றைச் சொல்லாமலே வைத்துக்கொள்கிறது: கேதோடில் பாயும் மின்னோட்டம் முழுவதும் ஹைட்ரஜனாகவே வருகிறது என்று. ஹைபோகுளோரைட்டோ குளோரேட்டோ கேதோடில் மறுபடி குளோரைடாக மாறினால், அந்த இழப்பு வாய்ப்பாட்டில் நேராகத் தெரியாது. ஹைட்ரஜன் குறைந்ததால் ஆக்சிஜன் சதவீதம் கொஞ்சம் ஏறியதாக மட்டும் காட்டும். நீங்கள் ஆனோடுப் பக்கம் தேடிக்கொண்டிருப்பீர்கள், பிரச்சினை எதிர்ப்பக்கம் இருக்கும். இதைப் பிடிக்க ஹைட்ரஜனின் ஓட்டத்தை அளக்க வேண்டும். ஆயிரம் ஆம்பியர் மணிக்கு 0.418 கன மீட்டர் ஹைட்ரஜன் வர வேண்டும். பூஜ்ய டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தத்தில் உள்ள கணக்கு இது. அளந்த ஓட்டம் அதைவிடக் குறைந்தால் கேதோடில் திருட்டு நடக்கிறது, அல்லது எங்கோ கசிவு. இரண்டுமே உடனே பார்க்க வேண்டியவை.

அந்தத் திருட்டைத் தடுப்பதற்காகத்தான் கரைசலில் லிட்டருக்குச் சில கிராம் சோடியம் டைகுரோமேட் (சுருக்கமாகக் குரோமேட்) சேர்க்கிறோம். அது கேதோடின் மேல் மெல்லிய குரோமியம் ஹைட்ராக்சைடு படலமாகப் படியும். அந்தப் படலம் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வருவதை விடும், ஹைபோகுளோரைட்டைக் கிட்டே நெருங்க விடாது. கூடவே பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும், எஃகு அரிப்பைக் குறைக்கும். நூறாண்டுக்கு மேலாகத் தொழிலே இதன் மேல்தான் நிற்கிறது. சிக்கல், இதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் என்ற வேதிப்பொருள் சட்டப்படி 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு சோடியம் டைகுரோமேட்டை அனுமதி பெறாமல் பயன்படுத்த முடியாது. குளோரேட் ஆலைகள் காலவரம்புள்ள அனுமதியோடு ஓடுகின்றன. மாற்று தேடும் ஆராய்ச்சி சுவீடனில் தீவிரமாக நடக்கிறது. மாலிப்டேட் போட்டுப் பார்த்தார்கள், அதன் அளவு கூடினால் ஆக்சிஜன் ஏறுகிறது. ஸ்டாக்ஹோமின் கேடிஎச் பல்கலைக்கழகத்தில் பெர்மாங்கனேட்டிலிருந்து கேதோடில் மாங்கனீசு ஆக்சைடு படலம் உருவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். அது கேதோடில் வேலை செய்கிறது, ஆனால் குரோமேட் சும்மா செய்துவந்த மற்ற வேலைகளையும் யார் செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆகவே "பசுமை" என்ற பெயரில் யாராவது குரோமேட் அளவைக் குறைக்கச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். படலம் இல்லாவிட்டால் ஹைட்ரஜன் குறையும், ஆக்சிஜன் அப்படியே வரும், வாயு நேரே வெடிக்கும் எல்லைக்குள் போகும். குரோமேட் இந்த ஆலையில் ஒரு பாதுகாப்புச் சாதனமும்கூட. குறைக்க வேண்டியது அது மனிதரைத் தொடும் வழிகளை. பொடியாகக் கொட்டாமல் கரைசலாக வாங்குவது, படிகத்தை மையவிலக்கியில் நன்றாகக் கழுவி மஞ்சள் நிறம் போகும்வரை திருப்பி எடுப்பது, கழுவிய நீரை மறுபடி சுற்றுக்கே விடுவது.

இப்போது மின்னழுத்தம். குறைக்க அதிக இடம் இருப்பது கேதோடில். படலம் படிந்த எஃகுக் கேதோடில் ஹைட்ரஜன் வெளிவரக் கூடுதலாகக் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் விழுகிறது. காஸ்டிக் சோடா ஆலைபோல நிக்கல் போடலாமே என்றால், நிக்கல் இங்கே என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். டைட்டானியம் போட்டால் ஹைட்ரஜனை உறிஞ்சி ஹைட்ரைடாகி வளைந்துவிடும். பூச்சு போட்ட புதிய கேதோடுகள் வருகின்றன. வாங்குமுன் அவை நிறுத்தம், துவக்கம், அமிலக் கழுவல் எல்லாவற்றையும் தாங்குமா என்று உங்கள் ஆலையிலேயே ஒரு செல்லில் ஓட்டிப் பாருங்கள். மின்முனை இடைவெளியைக் குறைத்தும் மின்னழுத்தத்தைக் குறைக்கலாம், ஆனால் ஒரு வரம்புக்கு மேல் வேண்டாம். வளைந்த கேதோடோ உதிர்ந்த துருவோ இரண்டையும் தொட வைத்தால் ஹைட்ரஜனுக்கு நடுவில் பொறி பறக்கும். கரைசலில் கால்சியம், மக்னீசியம் இருந்தால் கேதோடில் கறை படிந்து மின்னழுத்தத்தை ஏற்றும் என்பதால் உப்புச் சுத்திகரிப்பில் கஞ்சத்தனம் கூடாது. அதே உப்பில் அமோனியம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது குளோரினோடு சேர்ந்து நைட்ரஜன் டிரைகுளோரைடு ஆகும், அதுவும் வெடிபொருள்.

இதையெல்லாம்விட மலிவான வேலை ஒன்று உண்டு. செல்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் உலோகப் பட்டைகளான பஸ்பார்களின் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிவோல்ட் விழுகிறது என்று அளந்து எழுதுங்கள். துரு பிடித்த, தளர்ந்த இணைப்புகளைத் தேய்த்து இறுக்கினால் செல்லுக்கு 50 மில்லிவோல்ட் கிடைத்தாலும் டன்னுக்கு 80 யூனிட். மூலதனமே வேண்டாம்.

நிறுத்தமும் துவக்கமும்தான் ஆலையின் மிக ஆபத்தான நேரம். மின்னோட்டத்தை நிறுத்தியதும் ஹைட்ரஜன் வருவது உடனே நின்றுவிடும். கரைசலில் மிச்சமிருக்கும் ஹைபோகுளோரைட் மட்டும் சிதைந்து ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும். வெளியே போகும் வாயு குறைந்து, இருக்கும் வாயுவில் ஆக்சிஜன் சதவீதம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். "கரண்ட் இல்லை, இனி பயமில்லை" என்று ஆட்கள் செல் அறைக்குள் நுழைவதும் இந்த நேரத்தில்தான். நைட்ரஜன் மின்வெட்டிலும் தானாகத் திறக்க வேண்டும், சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று ஷிஃப்ட் தொடங்கும்போதே பார்த்திருக்க வேண்டும். இன்னொன்று, மின்னோட்டம் நின்ற எஃகுக் கேதோடு ஹைபோகுளோரைட்டில் அரிக்கத் தொடங்கும். அதனால் சிறிய பாதுகாப்பு மின்னோட்டம் ஒன்றைத் தனி ரெக்டிஃபையரிலிருந்து விடுவது நல்லது. அது ஓடும்போது கொஞ்சம் ஹைட்ரஜனும் வந்துகொண்டிருக்கும், ஆகவே நைட்ரஜனும் ஓடியாக வேண்டும். மறுபடி துவக்கும்போது படலம் சரியாக அமையும்வரை ஆக்சிஜன் கூடுதலாகவே இருக்கும், மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். மின்கட்டணம் குறைந்த நேரத்தில் மட்டும் ஓட்டலாமா என்று கேட்பார்கள். சுமையை ஏற்றி இறக்கலாம், பூஜ்யத்துக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

ஹைட்ரஜனை என்ன செய்கிறீர்கள்? ஒரு டன் குளோரேட்டோடு சுமார் 57 கிலோ ஹைட்ரஜன் வருகிறது. அதன் எரிசக்தி ஏறக்குறைய 1,900 யூனிட். அதாவது கொடுத்த மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. அதைப் புகைபோக்கியில் விட்டுவிட்டு மின்னழுத்தத்தில் மில்லிவோல்ட் பொறுக்குவது எனக்குப் புரியாத கணக்கு. பாய்லரில் எரிப்பது சுலபமான வழி. விற்பதென்றால் காரத்தால் கழுவிக் குளோரினை நீக்கி, பிறகு பலேடியம் வினையூக்கியில் ஆக்சிஜனை நீக்க வேண்டும். அங்கே ஒரு சதவீதம் ஆக்சிஜனுக்கு வாயு சுமார் 160 டிகிரி சூடேறும். 2.5 என்றால் 400 டிகிரி ஏற்றம். ஆக்சிஜன் எண்ணைக் குறைத்தால் இந்தக் கருவியும் சின்னதாகும். ஆக்சிஜன் நீங்கும் முன் கம்ப்ரசரில் விடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கடைசியாகப் படிகப் பக்கம். செல் அறையில் எல்லோரும் பயந்து நடப்பார்கள், பொட்டலம் கட்டும் இடத்தில் பயம் இருக்காது. குளோரேட் தானாக எரியாது, ஆனால் மரம், துணி, தோல், எண்ணெய், கிரீஸ் எதோடு சேர்ந்தாலும் அதை வெடிமருந்து ஆக்கிவிடும். கரைசல் தெறித்த சட்டை ஈரமாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. காய்ந்ததும் ஓர் உரசல் போதும். ஆகவே தெறித்தால் அங்கேயே தண்ணீர், அப்புறம் உடனே உடைமாற்றம். ஆலைச் சீருடை வீட்டுக்குப் போகவே கூடாது. தோல் செருப்பு, தோல் கையுறை, மரப் பலகை எதுவும் உள்ளே வேண்டாம்.

சோடியம் குளோரேட் சுத்தமாக இருந்தால் வெடிக்காது என்று வெகுகாலம் நம்பினார்கள். 1977 ஜனவரி 4 அன்று ஸ்காட்லாந்தில் ரென்ஃபுரூ அருகே பிரேஹெட் சரக்கு நிலையத்தில் சிறுவர்கள் குளிர்காய மூட்டிய தீ கிடங்குக்குப் பரவியது. உள்ளே 67 டன் சோடியம் குளோரேட் இருந்தது. கடும் தீயில் மாட்டினால் அது பெருமளவில் வெடிக்கும் என்று அன்று தெரிந்தது. கிடங்கைத் தனியாக, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் கட்டுங்கள். தீ பிடித்தால் கார்பன் டைஆக்சைடு, நுரை, உலர்பொடி எதுவும் உதவாது, ஆக்சிஜன் அந்த உப்புக்குள்ளேயே இருக்கிறது. தொடக்கத்திலேயே ஏராளமான தண்ணீர் மட்டுமே வேலை செய்யும். தீ கிடங்கைப் பிடித்துவிட்டது என்றால் அணைக்க நிற்காமல் எல்லோரையும் தூரமாக வெளியேற்றுங்கள். இதை உங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, வருடத்துக்கு ஒருமுறையாவது அவர்களை ஆலைக்கு அழைத்துக் காட்டுங்கள்.